சங்கிலி எத்தனை அடி?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரப் பொறியியல் பிரிவு)



நன்றியுள்ள பிராணி எது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் ‘நாய்’ என்று பட்டென்று பதில் வரும். சரி, நாய்க்கு நன்றியுள்ள பிராணி எது? ‘மனிதன்’ என்று அதே வேகத்தில் சொல்ல நமக்குத் துணிச்சல் உண்டா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உலகத்தில் இரண்டு கூட்டத்தார் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறார்கள். ஒரு கூட்டத்தார், “வீட்டில் பிராணி வளர்ப்பதில் தப்பே இல்லை, ஆனால் அதற்குக் கஷ்டம் வராமல் நல்லபடியாக வளர்க்க வேண்டும்” என்கிறார்கள். இன்னொரு கூட்டத்தார், “நல்லபடியாக வளர்ப்பதெல்லாம் அப்புறம். ஓர் உயிர் இன்னோர் உயிருக்குச் சொத்தாக இருப்பதே தப்பு” என்கிறார்கள். முன்னதற்கு விலங்கு நலன் என்று பெயர். பின்னதற்கு விலங்கு உரிமை என்று பெயர். தமிழில் மிருகத்துக்கும் விலங்கு என்றுதான் பெயர். கையில் மாட்டுவதற்கும் விலங்கு என்றுதான் பெயர். இந்தச் சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது எனலாம்.

‘பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் பிழைக்கிற நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?’ என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நண்பர்களே, நாய்க்குப் பேர் போன மாவட்டம் நம்முடையது. அதோடு, நான் டிப்ளமோ படிக்கக் கட்டிய பணத்தில் பாதி நாய்க்குட்டி விற்ற பணம். எனவே இந்த வழக்கில் நான் வெறும் பார்வையாளன் அல்ல. ஒரு வகையில் பிரதிவாதி.

நலமா? உரிமையா?

முதலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

இங்கிலாந்து அறிஞர் ஜெரமி பெந்தாம், ஒரு மிருகத்துக்கு அறிவு இருக்கிறதா, பேச்சு வருமா என்று பார்ப்பது முக்கியமல்ல, அதற்கு வலிக்குமா என்பதுதான் முக்கியம் என்று 1789-லேயே எழுதினார். நலன் என்ற கருத்துக்கு இது அஸ்திவாரம். 1822-ல் அந்நாட்டுப் பாராளுமன்றம் மாடு, குதிரை போன்றவற்றை வதைப்பதற்கு எதிராகச் சட்டம் போட்டது. 1965-ல் பிராம்பெல் என்பவர் தலைமையிலான குழு பண்ணை மிருகங்களைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஐந்து சுதந்திரங்கள்’: பசி தாகம் இல்லாமல் இருப்பது, அசௌகரியம் இல்லாமல் இருப்பது, வலியும் நோயும் இல்லாமல் இருப்பது, பயமும் மன வேதனையும் இல்லாமல் இருப்பது, தன் இயல்புப்படி நடந்துகொள்வது. இந்த ஐந்தும் கிடைத்தால் போதும், வளர்ப்பதில் குற்றமில்லை என்பது நலன் பேசுவோர் கட்சி.

உரிமைக் கட்சி அதற்கு மேலே போகிறது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் டாம் ரீகன் 1983-ல் எழுதிய நூலில், விலங்குக்கும் அதற்கென்று ஒரு வாழ்க்கை உண்டு, அது பிறர் உபயோகத்துக்கான சாமான் அல்ல என்று வாதிட்டார். சட்டப் பேராசிரியர் கேரி பிரான்சியோன் இன்னும் ஒரு படி மேலே போனார். விலங்கு ‘சொத்து’ என்ற கணக்கில் இருக்கும்வரை எந்த நலச் சட்டமும் கடைசியில் சொத்துக்காரனுக்குத்தான் சாதகமாக முடியும் என்பது அவருடைய வாதம். எனவே இப்போது இருக்கிற நாய் பூனைகளை அன்பாகக் காப்பாற்றுவோம், ஆனால் நமக்காக இனிமேல் குட்டி போட வைக்க வேண்டாம் என்கிறார். அவர் வீட்டிலேயே கைவிடப்பட்ட நாய்களை எடுத்து வளர்த்தவர் என்பது கவனிக்கத்தக்கது. நாயைப் பிடிக்காதவர் பேசுகிற பேச்சல்ல இது.

நமக்குத் தெரிந்த கதையில் சொல்வதானால், கன்றை இழந்த பசு மனுநீதிச் சோழன் அரண்மனை மணியை அடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? பசுவுக்கு நல்ல தீவனமும் தொழுவமும் கொடுத்திருந்தால் அது நலன். பசுவும் மணி அடிக்கலாம், அடித்தால் ராஜா இறங்கி வந்து பதில் சொல்லியாக வேண்டும் என்றால் அது உரிமை.

நம்ம ஊர் நாய்கள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் நம் மாவட்டத்து ஊர்கள். இரண்டும் நாய் இனத்தின் பெயர்களும்கூட. ராஜபாளையம் நாய் பால் வெள்ளையாக, மூக்கு ரோஸ் நிறத்தில், நெஞ்சு அகன்று கம்பீரமாக இருக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியாக, நீண்ட காலோடு, முயல் வேட்டைக்கு என்றே செய்து வைத்தது போல ஓடும். பக்கத்துத் தேனி மாவட்டத்தில் கோம்பை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் நம் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்திய இனங்களை வளர்க்கும்படி சொன்னபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாவற்றையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டார்.

பெருமைதான். ஆனால் ஒரு விஷயத்தை நாம் யோசிப்பதில்லை. இவை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் உண்டான நாய்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குத் தடை விழுந்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே இருக்கிற மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. காட்டுக்கு நல்லதுதான். ஆனால் நாய்க்கு வேலை போய்விட்டது! ஓடுவதற்கென்றே பிறந்த நாய், வேலை போன பிறகு எங்கே போகும்? கேட்டுக்குப் பக்கத்தில், தூணோடு, சங்கிலியில்.

ஐம்பது சதுர அடி உலகம்

எங்கள் வீட்டு நாயின் பெயர் வெள்ளச்சி. ராஜபாளையம் பெட்டை. 2018 கடைசியில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்பாவுக்கு வேலை இல்லை. அப்போதுதான் ராஜபாளையத்து மாமா, “மச்சான், சும்மா இருக்கிறதுக்கு இத வளர்த்துவிடு. ரெண்டு வருசத்துல குட்டி போட்டா கையில காசு” என்று ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே நடந்தது. ஒவ்வொரு ஈத்துக்கும் ஐந்தாறு குட்டிகள். ஒரு குட்டி ஆறாயிரம், எட்டாயிரம் என்று போகும்.

வெள்ளச்சியை நாங்கள் அடித்ததில்லை. கஞ்சியில்லாத நாளிலும் அதற்குக் கஞ்சி உண்டு. ஆனால் கட்டித்தான் வைத்திருந்தோம். அந்தச் சங்கிலி எத்தனை அடி என்று யாரும் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோது ஒரு சட்டப் பிரிவு கண்ணில் பட்டது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவு. நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டி வைப்பது கொடுமை என்று அதில் இருக்கிறது. எப்போதும் கட்டியே கிடக்கிற நாயை அதன் சொந்தக்காரர் நடமாட விடாமல் இருந்தால் அதுவும் கொடுமை என்று தனியாக இருக்கிறது. அன்று சாயங்காலமே டேப்பை எடுத்து அளந்தேன். நாலு அடி.

நாமெல்லாம் பாலிடெக்னிக் மாணவர்கள். கணக்குப் போடாமல் விடுவோமா? நாலு அடி ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு, 3.14 × 4 × 4, ஏறக்குறைய 50 சதுர அடி. எங்கள் முழு வீடே ஓர் அறைதான். பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. இடம் போதவில்லை என்று நானே எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். அந்த வீட்டிலும் பாதிக்குக் குறைவான இடத்தில் ஒரு வேட்டை நாய் ஆறு வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது!

பிறகு ஒரு வேலை செய்தேன். வேப்ப மரத்துக்கும் கொட்டகைத் தூணுக்கும் இடையில் முப்பது அடிக்கு இரும்புக் கம்பி வடத்தை இழுத்துக் கட்டினேன். மரப்பட்டை அறுபடாமல் இருக்கப் பழைய சைக்கிள் டயரைச் சுற்றினேன். அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டினேன். வளையம் வடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். நாயும் கூடவே ஓடும். சங்கிலி மரத்தைச் சுற்றிக்கொள்ளாமல் இருக்க இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டுத் தடுத்தேன். இப்போது பரப்பைப் பாருங்கள்: முப்பது அடி நீளம், எட்டு அடி அகலம், 240, அதோடு இரு முனையிலும் அரை வட்டம் சேர்ந்து 50, மொத்தம் 290 சதுர அடி. சங்கிலி அதே நாலு அடிதான். இடம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

நலன் என்பது இதுதான் நண்பர்களே. உடனே செய்ய முடியும், அளந்து பார்க்க முடியும். முதல் நாள் வெள்ளச்சி அந்த முப்பது அடியில் ஓடியதைப் பார்த்து எங்கள் தெருவே நின்றது. ஆனால் ஓடி முடித்துக் கிளாம்ப்பில் வளையம் ‘டக்’கென்று இடித்து நின்றபோது அது திரும்பி என்னைப் பார்த்தது. உரிமைக் கட்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பத்து ரூபாய் உயிர்

நம் சட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது? 1952-ல் ராஜ்ய சபாவுக்கு நியமிக்கப்பட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியத்துக்குப் பேர் போன அவர்தான் விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். பின்னர் அரசே பொறுப்பேற்று 1960-ல் சட்டம் கொண்டு வந்தது. 1962-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 1976-ல் அரசியலமைப்பில், எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று சேர்த்தார்கள்.

அதெல்லாம் சரி, தண்டனை என்ன தெரியுமா? 11-ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். 1960-ல் ஐம்பது ரூபாய் பெரிய காசு. இன்று? டீயும் வடையும் சாப்பிட்டால் சரியாகிவிடும்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள விலங்கைக் கொன்றால் தண்டனை என்று 428-ஆவது பிரிவு சொன்னது. அது இருந்ததே சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களின் வரிசையில்தான். அதாவது சட்டத்தின் கணக்குப்படி நஷ்டம் நாய்க்கு அல்ல, நாயின் சொந்தக்காரருக்கு! 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ரூபாய்க் கணக்கு போய்விட்டது. ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆனால் அந்தப் பிரிவு இன்றும் சொத்துச் சேதம் என்ற தலைப்பின் கீழேதான் நிற்கிறது.

ஜெர்மனி நாட்டில் 1990-லேயே சிவில் சட்டத்தைத் திருத்தி, விலங்கு ஒரு பொருள் அல்ல என்று எழுதினார்கள். 2002-ல் விலங்குப் பாதுகாப்பை அரசியலமைப்பிலும் சேர்த்தார்கள். நம் நாட்டில், ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் ஐந்து சுதந்திரங்களை எடுத்துக்காட்டி, காளைக்கும் உரிமை உண்டு என்ற திசையில் பேசியது. 2017 ஜனவரியில் மெரினா போராட்டமும் அதையடுத்துத் தமிழக அரசின் சட்டத் திருத்தமும் வந்தன. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை என்பதை நம் அரசியலமைப்பு அங்கீகரிக்கவில்லை என்றும் சொன்னது. ஆக இந்தியாவில் இன்று நடப்பது நலன்தான், உரிமை அல்ல.

சைதாப்பேட்டை வழக்கு

இரண்டு கட்சியும் நாய் விஷயத்திலேயே நேருக்கு நேர் மோதிய சம்பவமும் உண்டு. நாட்டு நாய் இனங்களைக் காப்பதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் அரசு கால்நடைத் துறை ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவை நடத்தி வந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைக் குட்டிகளை அங்கே பதிவு செய்து வாங்கலாம். அங்கே நாய்கள் சரியான வசதியில்லாமல் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று ஆர்வலர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016-ல் பிரிவை மூட வேண்டிய நிலை வந்தது. உடனே மறுபக்கம், “நாட்டு நாய் அழிந்து வெளிநாட்டு நாய்தான் மிஞ்சும், இதைச் சரிப்படுத்தலாமே தவிர மூடக் கூடாது” என்ற குரல் எழும்பியது. ஜல்லிக்கட்டுப் போராட்டச் சமயத்தில் அந்தக் குரல் இன்னும் பலத்தது.

கவனியுங்கள். கூண்டு மோசம் என்றால் கூண்டைச் சரிசெய் என்பது நலன். கூண்டில் அடைத்துக் குட்டி போட வைப்பதே மோசம் என்பது உரிமை. ஒரே கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு விஷயத்தைப் பேசுகிறார்கள். அதனால்தான் இந்தச் சண்டை தீர்வதில்லை.

வெள்ளை நிறத்தின் விலை

ராஜபாளையம் குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “சுத்த வெள்ளையா? மூக்கு ரோஸா?” என்றுதான். லேசாகப் பழுப்பு இருந்தால் விலை பாதியாகிவிடும். அடுத்ததாகக் குட்டிக்குப் பின்னால் நின்று ‘பட்’டென்று கை தட்டுவார்கள். ஏன் தெரியுமா? வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு வருவது உண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் காதின் கேட்கும் நரம்பு முனைகள் செத்துவிடும். வெள்ளை வேண்டும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி, நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்தால் இந்தக் குறை கூடத்தான் செய்யும். நம் கண்ணுக்கு அழகு. அதன் காதுக்குக் கேடு.

மூன்றாவது ஈத்தில் எங்களுக்கும் அப்படி ஒன்று பிறந்தது. இருந்ததிலேயே அதுதான் நல்ல வெள்ளை. கை தட்டினார்கள், அது திரும்பவில்லை. நான்கு பேர் வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனார்கள். எங்களோடேயே தங்கிவிட்டது. எங்கள் ஊரில் தீபாவளிக்கு மட்டுமல்ல, சாம்பிள் பார்க்க வருஷம் முழுவதும் வெடி வெடிக்கும். நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் வெடி கூடாது என்று 1999 முதல் விதி இருக்கிறது. நாய்க்கோ நமக்குக் கேட்காத சத்தமும் கேட்கும். வெள்ளச்சி கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கும். தீபாவளி அன்று தண்ணீர்கூடக் குடிக்காது. அந்தச் செவிட்டுக் குட்டி மட்டும் வாசலில் காலை நீட்டித் தூங்கும். எங்கள் தெருவிலேயே தீபாவளியன்று நிம்மதியாகத் தூங்குகிற நாய் அது ஒன்றுதான் என்று அம்மா சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கொள்ள முடிவதில்லை. அந்த வெடியைச் செய்ததும் நாங்கள்தான், அந்தச் செவிட்டுக்குக் காரணமும் நாங்கள்தான்.

இனம் அழிந்துவிடாதா?

உரிமைக் கட்சியிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி, “எல்லோரும் குட்டி போட வைப்பதை நிறுத்திவிட்டால் ராஜபாளையம் என்ற இனமே அழிந்துவிடாதா?” என்பது. நியாயமான கேள்வி. நம் ஊர்ப் பேர் தாங்கிய ஒன்று அழிய யாருக்கு மனம் வரும்?

அவர்கள் சொல்லும் பதிலும் யோசிக்க வேண்டியது. இனத்துக்கு வலிக்காது, நாய்க்குத்தான் வலிக்கும். இனத்தைக் காப்பது என்பது நம் பெருமையைக் காப்பது. அதற்காக ஒரு பெட்டை நாய் ஆயுள் முழுவதும் கட்டிக்கிடந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஆனால் உரிமைக் கட்சியிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆயிரக்கணக்கான வருஷமாக மனிதனோடு வாழ்ந்து பழகிய நாயை, ‘இனி நீ வேண்டாம், உன் வம்சம் உன்னோடு முடியட்டும்’ என்று சொல்வது மட்டும் அதன் சம்மதத்தோடா நடக்கிறது? குட்டி போட வைப்பதும் நம் முடிவு, போடாமல் செய்வதும் நம் முடிவு. இரண்டிலும் நாய் மணி அடிக்க முடியவில்லையே!

சொந்தமில்லாத உறவு

அப்படியானால் நடுவில் வழியே இல்லையா? கனடாவைச் சேர்ந்த சூ டொனால்ட்சன், வில் கிம்லிக்கா என்ற இருவர் 2011-ல் எழுதிய நூலில் ஒரு யோசனை சொன்னார்கள். வீட்டு விலங்கை ஒழிக்கவும் வேண்டாம், சொத்தாக வைத்திருக்கவும் வேண்டாம், நம்மோடு சேர்ந்து வாழும் ஒரு வகைக் குடிமகனாகப் பார்க்கலாம் என்பது அவர்கள் கருத்து. படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் நாய்தான் ஞாபகம் வந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு வாய் சோறு, யாருக்கும் சொந்தமில்லை, கழுத்தில் சங்கிலியில்லை.

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று ஊர்கள். அங்கே 1977 முதல் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கண்மாய்க்கு வருகிற பறவைகள் பயந்துவிடும் என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. அந்தப் பறவை யாருக்கும் சொந்தமில்லை. சொந்தமில்லாத உயிருக்காகவும் மனிதன் கட்டுப்படுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வெடி விற்றால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். இருந்தும் அந்த ஊரை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

ஆனால் சங்கிலி இல்லாத வாழ்க்கைக்கும் விலை உண்டு. தெருநாய் அடிபடும், பட்டினி கிடக்கும், வெறிநோய் வந்தால் நம் பிள்ளைகளைக் கடிக்கும். 2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் டில்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறிநோயுள்ளதும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ஊரின் ஒரு மூலையில் வீட்டு நாய்க்குச் சங்கிலி, இன்னொரு மூலையில் தெருநாய்க்கு வலை. இரண்டுக்கும் நடுவில் நாம் இன்னும் சரியான வழி கண்டுபிடிக்கவில்லை என்பதே உண்மை.

ஆறாவது ஈத்து

2017-ல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கு விதிகள் கொண்டு வந்தது. குட்டி விற்கிறவர்கள் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பெட்டைக்கு ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. இதைப் படிக்கும்வரை பதிவு என்று ஒன்று இருப்பதே எங்கள் வீட்டில் தெரியாது. முதல் ஈத்துக் குட்டிகளை நாற்பது நாளிலேயே கொடுத்திருக்கிறோம். தப்புத்தான், மறைக்க விரும்பவில்லை.

வெள்ளச்சி ஐந்து ஈத்து போட்டுவிட்டது. இந்த வருஷம் ஒருவர் ஆறாவது ஈத்துக்கென்று ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். டிப்ளமோ முடித்து நான் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியதே நான்தான். அந்தப் பணத்தை மனதில் வைத்துத்தான் அப்பா அட்வான்ஸ் வாங்கினார்.

விதியை எடுத்துச் சொன்னேன். “சட்டத்துக்கு என்னடா தெரியும்? அது நல்லா திடமாத்தான் இருக்கு. இன்னும் ஒரே ஒரு ஈத்து. அப்புறம் விட்டுருவோம்” என்றார் அப்பா. எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த ஒரு ஈத்து எனக்காகத்தான்.

பேசியது அம்மா. “அஞ்சு ஈத்து, ஆறு ஈத்துன்னு எண்ணிக்கிட்டு இருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் குட்டியத் தூக்கிட்டுப் போனப்புறம் அது மூணு நாளு வாசலையே பாத்துக்கிட்டு கிடக்குமே, அத யாராவது எண்ணுனீங்களா? அது மொத ஈத்துலயே வேண்டாம்னுதானே சொல்லுச்சு. நமக்குத்தான் கேக்கல.”

அம்மா பள்ளிக்கூடம் போனவள் அல்ல. காகிதக் குழாய் சுற்றியே கைரேகை தேய்ந்தவள். ஐந்து என்ற எண் நலன் பேசுகிறவர்கள் போட்ட எல்லை. நாய் வேண்டாம் என்று சொன்னதா என்று கேட்பது உரிமை. பேராசிரியர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியதை அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம் பணத்துக்கு என்ன வழி என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. கேம்பஸில் ஏதாவது வேலை கிடைத்தால் முதலில் போவேன். கால்நடை மருத்துவமனையில் வெள்ளச்சிக்குக் கருத்தடை செய்வது பற்றிக் கேட்டு வந்திருக்கிறேன்.

முடிவாக

நண்பர்களே, நலன், உரிமை இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயதும் போதாது, படிப்பும் போதாது. ஆனால் ஒன்று புரிந்தது. நலன் இல்லாத உரிமைப் பேச்சு இன்று கட்டிக்கிடக்கிற நாய்க்கு ஒரு அடி இடம்கூடக் கொடுக்காது. உரிமை என்ற கேள்வி இல்லாத நலனோ, நம் வசதி எங்கே முடிகிறதோ அங்கேயே நின்றுவிடும். எங்கள் வடத்தில் போட்ட கிளாம்ப் போல. கை நலனைச் செய்ய வேண்டும். மனம் உரிமையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எனவே நாய் வளர்க்கிற, வளர்க்க நினைக்கிற நண்பர்களுக்கு:

1. காசு கொடுத்துக் குட்டி வாங்கும் முன், தெருவில் கிடக்கும் ஒன்றை எடுத்து வளர்க்க முடியுமா என்று பாருங்கள்.

2. வாங்கியே ஆக வேண்டுமென்றால் தாய் நாயைப் போய்ப் பாருங்கள். அது எத்தனையாவது ஈத்து என்று கேளுங்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

3. வெறிநோய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுங்கள்.

4. தீபாவளி இரவில் நாயை வெளியே கட்டாமல் உள்ளே ஓர் இருட்டு மூலை கொடுங்கள்.

இவை எதுவும் முடியாவிட்டாலும், இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு டேப்பை எடுத்து உங்கள் வீட்டுச் சங்கிலி எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். ஆரம் தெரிந்தால் பரப்பு கண்டுபிடிக்க நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்?